வைகை கரை தாண்டவில்லை, செல்லூர் மூழ்கியது

மதுரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் வைகைதான். அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அப்புறம் தண்ணீர் திறப்பார்கள், யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைப்பார்கள், மேம்பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுக்க ஒரு கூட்டம் கூடும். எங்களுக்குப் பழகிப்போன வரிசை இது. ஆண்டிபட்டிப் பக்கம் திறந்த தண்ணீர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கரையோரத்தில் இருப்பவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம்.

2024 அக்டோபர் 25 அன்று, மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் எங்கள் செல்லூருக்குள் வந்த தண்ணீருக்கு இந்த வரிசை எதுவும் தெரியாது. வைகை அன்று கரையைத் தாண்டவே இல்லை. மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டியது. கால்மணி நேரத்துக்குள் சுமார் 4.5 சென்டிமீட்டர் கொட்டியது. மாலைக்குள் மொத்தம் 10 சென்டிமீட்டரை நெருங்கிவிட்டது. நரிமேடு, பீபீகுளம், முல்லை நகர், கட்டபொம்மன் நகர் என்று வடகரைத் தெருக்களில் தண்ணீர் ஏறியது. தீபாவளிக்கு ஆறே நாள்.

செல்லூரில் எங்களுக்குத் துண்டு நெய்கிற சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் குழித்தறி, இப்போது விசைத்தறி. தீபாவளி வாரத்தில் கட்டிய சரக்கும் இருக்கும், அடுத்த சுற்றுக்கு இறக்கிய நூலும் இருக்கும். அன்று எல்லோரும் வாசலில் நின்று, தெருத் தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து தறி ஓட்டுகிற பையன் கத்தினான்: "அண்ணே, தண்ணி வாசல் வழியா வரல, பாத்ரூம் வழியா வருது!"

போய்ப் பார்த்தால் தரையோடு பதித்த கக்கூஸ் பேசினில் குபுக் குபுக்கென்று சத்தம். முதலில் குமிழி, அப்புறம் கறுப்புத் தண்ணீர். தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் நிரம்பி, போக இடமில்லாமல், எந்த வீட்டின் தரை தாழ்வோ அந்த வீட்டுக்குள் திரும்புகிறது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை. தெருத் தண்ணீர் எங்கள் படியைத் தாண்டுவதற்கு முன்பே பட்டறைக்குள் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நின்றது. மழை வெள்ளம் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: உங்கள் வீட்டில் மிகத் தாழ்வாக இருக்கும் ஓட்டை எது என்று பாருங்கள். அது கக்கூஸாக இருக்கலாம், குளியலறைச் சல்லடையாக இருக்கலாம், வாசலுக்குப் பக்கத்தில் உள்ள சம்ப் மூடியாக இருக்கலாம். வாசல்படி பெரும்பாலும் கடைசிதான்.

அடுத்து நூல். கோன் நூல் அட்டைப்பெட்டியில் வரும். பெட்டி மேல் பெட்டியாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். கணுக்கால் தண்ணீர்தானே, அடிப்பெட்டி மட்டும் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அட்டை நனைந்ததும் அடிப்பெட்டி பொதபொதவென்று நசுங்கி, மேலே இருந்த வரிசை முழுவதும் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. நனைய வேண்டிய அவசியமே இல்லாத நூல் அப்படித்தான் நனைந்தது. சாய நூலிலிருந்து சிவப்பும் நீலமும் இறங்கி வெள்ளை நூலில் ஏறியது. தறியில் பூட்டியிருந்த பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகளின்) கதை வேறு. கஞ்சி போட்ட பாவு நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து ஒரு புளித்த வாடை வரும். அதை மீட்கிறேன் என்று உட்கார்ந்தால் கூலிதான் வீண். வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பாவு ஏற்றுவதே மேல்.

மோட்டார் விஷயத்தில் பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணன் புண்ணியம். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, ஓடுகிறதா பார்ப்போம் என்று பையன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போனான். "தொட்றாதடா, காயில் போயிரும்" என்று அவர் தடுத்தார். நனைந்த மோட்டாரை உடனே ஓட்டிப் பார்த்தால் வைண்டிங் எரியும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, வெயிலில் வைத்து, உள்ளே குண்டு பல்பு எரியவிட்டு ஈரத்தை வாங்கி, இன்சுலேஷன் மீட்டரில் பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அதே மோட்டார்களை இன்றும் ஓட்டுகிறோம். அவசரப்பட்டு அன்றே சுவிட்சைப் போட்ட சிலர் புது வைண்டிங் கட்டினார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பைக்கில் சைலன்சர் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சரி, கால்மணி நேர மழைக்கு ஏன் இந்தப் பாடு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 சதுர அடி மனையில் 4.5 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 5,000 லிட்டர். கோடையில் காசு கொடுத்து இறக்குகிற ஒரு சின்ன லாரித் தண்ணீர். ஒவ்வொரு மொட்டை மாடியிலிருந்தும் கால்மணி நேரத்தில் ஒரு லாரித் தண்ணீர் தெருவில் இறங்குகிறது. தெருவிலோ மண் கிடையாது. சிமெண்ட், தார், பேவர் பிளாக். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் நாலரைக் கோடி லிட்டர்.

இந்தத் தண்ணீர் போக வேண்டிய வடிகாலின் கதை என்ன? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் நகர வெள்ளம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்திய நகரங்களின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 12 முதல் 20 மில்லிமீட்டர் மழைக்கு என்று வடிவமைக்கப்பட்டவை. அன்று எங்கள் தலையில் பெய்த வேகத்தை மணிக்கணக்கில் சொன்னால் 180 மில்லிமீட்டர். குப்பையே இல்லாத, ஆக்கிரமிப்பே இல்லாத வடிகாலாக இருந்தாலும் தாங்காது. நம் வடிகால்களின் நிலைமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி பருவநிலை மாற்றத்துக்கு வருகிறேன். இந்த வார்த்தையைக் கேட்டாலே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு தரப்புக்குப் பெய்கிற ஒவ்வொரு மழையும் பருவநிலை மாற்றம். இன்னொரு தரப்பு, "93-ல வைகை வெள்ளம் பாக்காததா?" என்று முடித்துவிடும். ஒரு நாள் பெய்த ஒரு மழையை எடுத்து, இது புவி வெப்பமானதால் வந்ததென்று தனியாக ஆய்வு செய்யாமல் சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. மேகம் இடித்துக் கொட்டுவது மதுரைக்குப் புதிதல்ல. வெயில் காய்ந்த நாளின் மாலையில் இடியோடு ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போகும் மழை சித்திரையிலும் உண்டு, ஆவணியிலும் உண்டு. மாறுவது அந்த மழைக்குப் பின்னால் இருக்கிற சரக்கு.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இது இயற்பியல். துண்டு நெய்கிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. மெல்லிய துண்டு சீக்கிரம் நனையும், பிழிந்தால் கொஞ்சம்தான் சொட்டும். கனத்த துண்டு நனைய நேரமாகும். பிழிந்தாலோ ஒரு வாளித் தண்ணீர். காற்று அப்படிக் கனத்துக்கொண்டே போகிறது. மழையில்லாத இடைவெளி நீள்வதற்கும், பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது.

எண்களாக வேண்டுமென்றால், 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு சொல்லும் கணக்கு இது. நமக்கு மழை தருவது கடல். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்போ 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறிவிட்டது. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த அளவு கனமழை, உலகம் 1.5 டிகிரி சூடானால் அதே பத்தாண்டில் சராசரியாக 1.5 முறையும், 2 டிகிரி சூடானால் 1.7 முறையும் வரும்; ஒவ்வொரு முறையும் பெய்யும் அளவும் கூடுதலாக இருக்கும். உலக சராசரி அது. மதுரைக்கு இத்தனை என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொழில் முதலீட்டைத் தரையில் அடுக்கி வைத்திருப்பவனுக்குத் திசை தெரிந்தாலே போதும்.

மழை கூடும் என்றால் பஞ்சம் தீரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 2015 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 53 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிச்சமிருந்த தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றடித்ததும் அவை கரைக்கே திரும்பி வந்தன. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கோடையில் சாயப் பட்டறைக்கு லாரித் தண்ணீர் வாங்கிய காசை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். மொத்த மழை கொஞ்சம் கூடலாம், ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கமும் கூடும் என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஏற்ற இறக்கம்தான்.

அப்பாவின் காலத்திலும் ஐப்பசியில் தறி நின்றது. "ஐப்பசி மாதம் அடைமழை, கார்த்திகை மாதம் கனமழை" என்பதெல்லாம் குழித்தறிக்காரனுக்குப் பழமொழி மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்சினை. நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். தரை ஓதம் ஏறிக் காலை வைக்கும் குழியில் தண்ணீர் ஊறும். பாவு ஈரக்காற்றில் விறைப்பு மாறி இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்பா ஒரு தகர டப்பாவால் குழித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, "இனி வெயில் வந்தாத்தான்" என்று எழுந்துவிடுவார். அந்த மாதங்களுக்கென்று ஆடியிலேயே கொஞ்சம் அரிசி, கொஞ்சம் காசு ஒதுக்கி வைப்பது வீட்டு வழக்கம். கஷ்டம்தான். ஆனால் தயாராக நாள் இருந்தது. இப்போது எங்களுக்குத் தேவை பத்து நிமிடத்தில் தயாராகிற வழக்கம். ஊரில் பலருக்கு இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்னும் அணை மட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவரோடு செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை நடந்தேன். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் நீர்பாய்ச்சி, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிறவர். வடக்கே சாத்தையாறு பக்கமிருந்து கண்மாய் கண்மாயாக இறங்கி வரும் தண்ணீர் செல்லூர் கண்மாயை அடைகிறது. அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கண்மாயின் மிச்சமும் அடுத்த கண்மாயின் வரத்து. அதனால்தான் மேலே வயல்காட்டில் பெய்த மழை, எங்கள் தெருவில் பெய்யாமலே எங்களைத் தொட முடிகிறது. அன்று அடித்த மழைக்கு முன்பே மேலே கண்மாய்கள் நிறைந்திருந்தன. அதன் தலையில் கால்மணி நேரக் கொட்டு.

பெரியவர் ஒரு இடத்தில் நின்று, கைத்தடியால் ஒரு வீட்டுச் சுவரைக் காட்டினார். "இங்க வரைக்கும் வாய்க்கா அகலம் தம்பி. மாட்டை இறக்கிக் குளிப்பாட்டுவோம்." இப்போது அந்த இடத்தில் வாய்க்கால் ஒரு வேன் அகலம்கூட இல்லை, உள்ளே கருப்புச் சகதியும் மெத்தையும் தெர்மாகோலும். (தெர்மாகோல் நம் ஊரை விடாது போலிருக்கிறது.) ஆவணியில் புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழாவைக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வந்து வைகைக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்ட கதை. வந்திக் கிழவியின் பங்கை அடைக்கச் சொக்கரே கூலியாளாக வந்தார். எங்கள் வாய்க்காலுக்கு அவர் வருவதாகத் தெரியவில்லை. அந்த மழைக்குப் பிறகு, செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குத் தண்ணீர் நேராகப் போகச் சிமெண்ட் கால்வாய் கட்ட அரசு உத்தரவிட்டது, அது நல்லதுதான். ஆனால் எந்தக் கால்வாயும் அதில் குப்பை விழும்வரைதான் கால்வாய்.

அந்த நடையில் கற்றது பட்டறையைவிட வீடு வாங்குகிறவர்களுக்கு அதிகம் உதவும். மதுரையில் மனை வாங்கப் போகிறீர்களா? கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், பக்கத்து டீக்கடையில் பேச்சுக் கொடுங்கள். தரகர் சொல்லாததை டீக்கடை சொல்லும். எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறை இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதிய பதிவு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, அந்த எண்ணோ அதை ஒட்டிய எண்ணோ கண்மாய், வாய்க்கால், ஓடை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா சுத்தமாக இருந்தாலும் பக்கத்து எண் வாய்க்காலாக இருந்தால், தண்ணீர் பட்டாவைக் கேட்டுக்கொண்டு வராது. மனை எந்தக் கண்மாய்க்குக் கீழே இருக்கிறது, அதன் கலுங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) எந்தப் பக்கம் என்பது தெரியாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

பட்டறையில் நாங்கள் மாற்றியவை பெரிய செலவில்லாதவை. கக்கூஸ் லைனில், தெருக் குழாயோடு சேரும் இடத்துக்கு முன், தண்ணீர் திரும்பி வராத வால்வு ஒன்று போட்டோம், பிளம்பரிடம் என்.ஆர்.வி. என்று கேட்டால் தெரியும். அதில் குப்பை சிக்கினால் வேலை செய்யாது, அதனால் புரட்டாசியில் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். அதற்கும் மேலே, பேசினுக்குள் அழுத்தி வைக்க பாலிதீன் பைக்குள் மணல் கட்டித் தயாராக மாட்டியிருக்கிறோம். வால்வு இல்லாத வீட்டுக்கு இந்த மணல் பையே பாதிப் பாதுகாப்பு.

நூல் இப்போது இரும்பு ஸ்டாண்டில். இடுப்பு உயரத்துக்குக் கீழே அட்டைப்பெட்டி கிடையாது. கீழே வைத்தே ஆக வேண்டியது பிளாஸ்டிக் டிரம்முக்குள். மோட்டாரை உயர்த்த முடியாது, தறியின் அமைப்பு அப்படி. ஆனால் மெயின் சுவிட்ச், பிளக் பாயிண்ட், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் மார்பு உயரத்துக்குப் போய்விட்டன. கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே அணையும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினோம். தண்ணீர் உள்ளே நின்றபிறகு சுவிட்சை அணைக்க இறங்காதீர்கள். தெருவிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

சம்புக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால் இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுத்தான் புழங்க வேண்டும். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறும். எங்களோடு சேறு அள்ளிய ஒருவருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தது. வெள்ளத்தில் நின்றேன் என்று அவர் டாக்டரிடம் முதலிலேயே சொன்னதால் சிகிச்சை தாமதமாகவில்லை.

ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ரயில் பாதைக்குக் கீழே போகும் எந்தப் பாதையிலும் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். கர்டர் பாலமோ வேறெதுவோ, முன்னால் போன பஸ் கடந்துவிட்டது என்பது உங்கள் காருக்கு உத்தரவாதம் இல்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைநீரில் காரோடு சிக்கி ஒரு மருத்துவர் இறந்துபோனார்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் கட்டிய பாலிசியில் தீ மட்டுமல்ல, புயல், வெள்ளமும் சேர்ந்திருந்தது. ஆனால் கட்டடமும் இயந்திரமும்தான் அதில் இருந்தன; சரக்கு இல்லை. விற்கும்போது அதை யாரும் விரித்துச் சொல்லவில்லை. உங்கள் பாலிசியில் 'ஸ்டாக்' என்று தனி வரி இருக்கிறதா, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, நனைந்த பெட்டிகள் எண்ணும்படி முதலில் படம் எடுங்கள்; சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஓரமாகக் குவித்து வையுங்கள். நூல் வாங்கிய பில்லைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்ததால் என் நண்பர் ஒருவருக்குப் பணம் வந்தது. பில் புத்தகமே கரைந்துபோன இன்னொருவர் இன்னும் அலைகிறார்.

வானிலை எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்றும் கொஞ்சம் பழகிக்கொண்டேன். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை; அதற்கு மேல் 20 சென்டிமீட்டர் வரை 'மிக கனமழை'; அதையும் தாண்டினால் 'அதி கனமழை'. எல்லாம் ஒரு நாள் கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்தது. மதுரைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 85 சென்டிமீட்டர்தான். அது சிவப்பு எச்சரிக்கை ரகம். எங்களை மூழ்கடித்த 10 சென்டிமீட்டரோ வானிலைப் பட்டியலில் வெறும் 'கனமழை'. ஆக, மஞ்சள் எச்சரிக்கைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. அது நாள் முழுக்கப் பரவிப் பெய்யுமா, கால்மணி நேரத்தில் இறங்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று வரும் உடனடி அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். டிஎன்-அலர்ட் செயலியை இறக்கி வைத்திருக்கிறேன்.

அதோடு மொட்டை மாடியில் ஒரு ஊறுகாய் ஜாடி. பக்கம் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவே. உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர் மழை. அரைமணி நேரத்தில் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் யாரையும் கேட்க வேண்டாம்: பேசினில் மணல் பை, மெயின் ஆஃப், தரையில் இருப்பதெல்லாம் ஸ்டாண்டில். தறி ஓட்டுகிற பையன்களுக்கே அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறேன். பல தடவை வீணாகத்தான் நிறுத்துகிறார்கள், ஒரு மணி நேர உற்பத்தி போகிறது. போகட்டும்.

கண்மாய் நிறைந்திருக்கும் நாட்களில் அந்த 20-ஐ 10 ஆக்கிவிடுவோம். கண்மாய் நிலவரம் தெரிய குலமங்கலம் பக்கம் இருக்கும் மச்சினனுக்கு ஒரு போன். "மாமா, மறுகால் பாயுது" என்று அவன் சொன்னால் எங்களுக்கு வானம் வெளிறி இருந்தாலும் பாவு ஏற்றும் வேலையை அன்றைக்குத் தள்ளி வைத்துவிடுகிறோம்.